கடன் முடியட்டும், அப்புறம் சந்தோஷமாக இருந்துகொள்ளலாம் என்பவர்களுக்கு

கேள்வி சுருக்கமாக இது: வயது முப்பத்தெட்டு. சிறுசேரியில் ஐ.டி. வேலை, நல்ல சம்பளம். தாம்பரம் பக்கம் சொந்த ஃபிளாட், அதற்கு இன்னும் 17 வருடம் கட்ட வேண்டிய கடன். அம்மாவுக்குச் சர்க்கரை. பையன் ஒன்பதாம் வகுப்பு. அலுவலகத்தில் ஆட்குறைப்பு வரும் என்று பேச்சு. ‘எல்லாம் இருந்தும் மனசுவிட்டுச் சிரித்து நாளாகிவிட்டது. என்ன செய்வது? தியானம் செய்தால் சரியாகுமா? இல்லை, வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா?’

நான் மனநல ஆலோசகராக வேலை பார்ப்பவள். ஊரையும் சம்பளத்தையும் மாற்றிப்போட்டால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். தியானத்துக்கும் ஊருக்கும் அப்புறம் வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது: ‘இந்தக் கடன் மட்டும் முடிந்துவிட்டால் நிம்மதி.’

கடன் முடியும்போது உங்களுக்கு ஐம்பத்தைந்து வயது. அப்போது பையன் கல்யாணப் பேச்சு வந்து நிற்கும். முழங்கால் வலிக்க ஆரம்பித்திருக்கும். பிள்ளை இன்னும் நடக்கவில்லையே என்று ஒரு காலத்தில் தவித்த அதே அப்பாதான், பதினெட்டு வயதில் பைக் கேட்கிறானே என்று தவிக்கிறார். ஒரு கவலை எழுந்து போனால் அடுத்தது அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கவலை தீர்ந்த பிறகு சந்தோஷம் என்று கணக்குப் போட்டால் அந்தத் தேதி வராது. கவலை வீட்டில் இருக்கும்போதே சந்தோஷத்துக்கும் ஒரு இடம் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தை எங்கே பிடிப்பது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் உடம்பைப் பார்த்துவிடுவோம். தெருநாய் துரத்தினால் அட்ரினலின், கார்ட்டிசால் இரண்டும் சுரந்து, இதயம் வேகமாக அடித்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறி, கால் தானாக ஓடும். இரண்டு நிமிடத்தில் ஆபத்து முடிந்தது, கொஞ்ச நேரத்தில் உடம்பும் அடங்கிவிடும். இந்த ஏற்பாடு அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி பத்தரை மணிக்கு மேனேஜர் ‘நாளைக்குக் காலையில் கொஞ்சம் பேசலாமா?’ என்று ஒரு வரி அனுப்பினாலும் உடம்பு அதே வேலையைத்தான் செய்கிறது. ஓடுவதற்கு இடமில்லை, நீங்கள் படுக்கையில் இருக்கிறீர்கள். கார்ட்டிசால் இயல்பாகக் காலையில் எழுந்தவுடன் உச்சத்துக்குப் போய், நாள் முழுக்க மெல்லக் குறைந்து, இரவில் அடிமட்டத்துக்கு வர வேண்டியது. அப்படி இறங்குகிற நேரத்தில் மனசு அதைப் பிடித்து மேலே இழுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

தூக்கம் கெட்டவருக்கு நல்ல செய்தியும் அரைகுறையாகத்தான் காதில் விழும். அதனால் சந்தோஷத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் எல்லோரிடமும் தூக்கத்தைக் கேட்பேன். மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும்; ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். நாலு மணிக்கு மேல் காபியை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாள் எழுகிற நேரத்துக்கே எழுந்துவிடுங்கள். அமெரிக்காவோடு ராத்திரி கால் இருந்தால், அது வாரம் ஐந்து நாளும் உங்கள் தலையில்தான் விழ வேண்டுமா என்று டீமில் கேளுங்கள். கேட்காமலேயே சுமந்துகொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது கவலை. ‘கவலைப்படாதீங்க’ என்று சொல்வது போல உபயோகமில்லாத அறிவுரை வேறு இல்லை. படாமல் இருக்க முடிந்தால் யார்தான் பட்டுக்கொண்டிருப்பார்கள்? தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவரோடு பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்களும் 1983-ல் வேறு ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். கவலைப்படுங்கள், ஆனால் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் மட்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ‘சாயங்காலம் பார்த்துக்கொள்வோம்’ என்று தள்ளிப்போடுவது. செய்தவர்களுக்கு நாள் முழுக்க அரிக்கிற கவலை குறைந்தது. கேட்பதற்கு விளையாட்டு போலத்தான் இருக்கும். என்னிடம் வருகிறவர்களும் முதலில் சிரிப்பார்கள். கவலையை அடக்கச் சொன்னால் அது இன்னும் முண்டும். நேரம் கொடுத்துத் தள்ளினால் ஓரளவு அடங்கும்.

அந்த அரை மணி நேரத்தைப் படுக்கப் போகும் முன் வைக்காதீர்கள். மாலை ஏழு மணி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பையன் எழுதி மிச்சம் வைத்த நோட்டு ஒன்று போதும். இடது பக்கம் கவலை, வலது பக்கம் ‘அடுத்து என்ன, எப்போது’. உங்கள் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

அம்மா சுகர் — ஹெச்பிஏ1சி அடுத்த டெஸ்ட் எப்போது என்று பிரிஸ்கிரிப்ஷனைப் பார்ப்பது, சனிக்கிழமை.
வேலை போய்விடுமா — மாதச் செலவு எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பது, இன்றைக்கே.
பையன் கணக்கில் சுமார் — வகுப்பு டீச்சரிடம் பேசுவது, பெற்றோர் கூட்டத்தன்று.
சித்தப்பா கல்யாணத்தில் அப்படிப் பேசினாரே — ஒன்றும் இல்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். வலது பக்கம் எழுத எதுவுமே இல்லாத கவலைகள் எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். முதல் வரிக்கு வேறு ஒரு பயன். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரி. அம்மா இன்றைக்கு ஒரு ஜாங்கிரி சாப்பிட்டதற்கு நீங்கள் மூன்று நாள் சண்டை போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஆட்குறைப்புப் பயத்துக்கு மூச்சுப் பயிற்சியைவிடச் சேமிப்பு நல்ல மருந்து என்பது என் அனுபவம். ஆறு மாதச் செலவுக்கான பணம், இ.எம்.ஐ.யும் சேர்த்து, தொடாமல் தனியாக இருந்தால் மேனேஜரின் அந்த ஒரு வரி அவ்வளவு பயமுறுத்தாது. இன்னொன்று, அம்மாவின் மருத்துவக் காப்பீடு கம்பெனி பாலிசியில் மட்டும் இருந்தால், வேலை போகிற அன்றைக்கு அதுவும் போகும். வெளியில் தனியாக ஒரு பாலிசி இப்போதே எடுத்துவைப்பது நல்லது. ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கலாம் என்பதால் தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கடனைப் பற்றியும் இரண்டு வார்த்தை, அது ஆலோசகர் வேலை இல்லை என்றாலும். ஒரு உதாரணம்: 50 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதம் சுமார் 43,400 ரூபாய். முதல் மாதத் தவணையில் 35,400-க்கு மேல் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது எட்டாயிரத்துக்கும் குறைவு. ‘கட்டிக்கொண்டே இருக்கிறேன், குறையவே மாட்டேன் என்கிறது’ என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான், உங்கள் மனசு பலவீனமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதே கடனில் முதல் வருடத்திலிருந்தே ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் மூன்று வருடத்துக்கு மேல் குறையும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. போனஸ் வந்ததும் புதுப் போன் வாங்குவதா, அசலில் கட்டுவதா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் அதற்காக அடுத்த பத்து வருடம் எந்தச் செலவுமே செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன் என்றால் அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, பணம் சந்தோஷம் தருமா? பணத்தால் சந்தோஷம் வராது என்று மேடையில் பேசுகிறவரிடம் பெரும்பாலும் பணம் இருக்கும். 2010-ல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வருடம் 75,000 டாலருக்கு மேல் வருமானம் ஏறினாலும் அன்றாட மனநிலை அதோடு சேர்ந்து ஏறவில்லை என்றார்கள். உலகம் முழுக்க அது மேற்கோளாகச் சுற்றியது. மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் 2021-ல் அதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்ல, கானமன் கோபித்துக்கொள்ளாமல் அவரோடேயே உட்கார்ந்து 2023-ல் மறுபடி கணக்குப் போட்டார். பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு சந்தோஷமும் மெல்ல ஏறிக்கொண்டுதான் போகிறது; ரொம்பவும் துயரத்தில் இருக்கிற ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் ஒரு அளவுக்கு மேல் பணம் உதவவில்லை என்று முடிவாயிற்று. ஆக, பணம் வேண்டும்தான். பிரிவுத் துயரமோ மனச்சோர்வோ உள்ளே இருந்தால் அதைச் சம்பள உயர்வு தொடாது.

இதில் எனக்குப் பிடித்தது 1978-ல் வந்த ஒரு பழைய சிறிய ஆய்வு. ஃபிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் இல்லினாய் மாகாண லாட்டரியில் பெரிய பரிசு விழுந்த 22 பேரைப் பேட்டி எடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் பரிசு விழாதவர்களைவிட அவர்கள் பெரிதாகச் சந்தோஷமாக இல்லை என்ற பகுதியை எல்லோரும் சொல்வார்கள். 22 பேரை வைத்து அவ்வளவு பெரிய முடிவுக்கு வர முடியாது. பின்னால் சுவீடனில் ஆயிரக்கணக்கான லாட்டரி வெற்றியாளர்களை ஆராய்ந்தபோது வாழ்க்கைத் திருப்தி கூடித்தான் இருந்தது. யாரும் அதிகம் சொல்லாத பகுதி வேறு. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, ஒரு ஜோக் கேட்டுச் சிரிப்பது மாதிரியான சின்ன விஷயங்களில் பரிசு விழுந்தவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. பெரிய ஒன்று வந்ததும் சின்னவை சப்பென்று ஆகிவிட்டன.

நீங்கள் லாட்டரி அடிக்கவில்லை. ஆனால் ‘கடன் முடிகிற நாள்’ என்ற பெரிய நாளையே பார்த்துக்கொண்டிருப்பதால் உங்களுக்கும் அதுதான் நடக்கிறது. ஆனந்தத்தின் உச்சத்தைவிட, நல்ல மனநிலை எத்தனை முறை வந்து போகிறது என்பதுதான் ஒருவர் சந்தோஷமானவரா என்பதைத் தீர்மானிக்கிறது என்று எட் டீனர் என்ற ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்திலேயே எழுதினார். வருடத்துக்கு ஒரு கொடைக்கானல் ட்ரிப்பைவிட, வாரம் முழுக்கச் சிதறிக்கிடக்கிற பத்து நிமிடங்கள் அதிகம் வேலை செய்யும். ட்ரிப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, போங்கள். அது வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தப் பத்து நிமிடங்கள் எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் மனிதர்களிடம். ஹார்வர்டில் 1938-ல் ஆரம்பித்து, ஒரே ஆட்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. முதலில் எடுத்த 724 பேரில் கல்லூரி மாணவர்களும் உண்டு, பாஸ்டன் நகரத்து ஏழைப் பையன்களும் உண்டு. வயதான காலத்தில் நன்றாக இருப்பவர்களைப் பற்றி அது திரும்பத் திரும்பச் சொல்வது, நெருக்கமான உறவுகள் இருக்கின்றன என்பதுதான். இதைக் கேட்டதும் நம்மவர்கள் குடும்பம் என்று மட்டும் புரிந்துகொள்வார்கள். குடும்பத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சிகாகோவில் ரயிலில் போகிறவர்களிடம் ‘பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாதவரிடம் பேசுங்கள்’ என்று சொல்லி 2014-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். பேசினால் பயணம் கெட்டுவிடும் என்று மற்றவர்கள் எதிர்பார்த்தார்கள். பேசிப் பார்த்தவர்கள் வழக்கத்தைவிட நன்றாக இருந்தது என்றார்கள்.

நமக்கு இது புதிதா என்ன? ஷேர் ஆட்டோவில் ஏறினால் எங்கே வேலை, எத்தனை பிள்ளை என்று இறங்குவதற்குள் முழு ஜாதகமும் வாங்கிக்கொண்டு போன ஊர் இது. இப்போது எல்லோர் காதிலும் இயர்ஃபோன். உங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு எந்த ஊர் என்று தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக் காலை கேளுங்கள். இதெல்லாம் ஒரு மனநல ஆலோசகர் சொல்ல வேண்டிய விஷயமா என்று தோன்றலாம். வேறு வழியில்லை, வேலை செய்வது இதுதான்.

போனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 2018-ல் ஃபேஸ்புக்கை நாலு வாரம் நிறுத்திவைக்கச் சிலருக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். மனநிலை கொஞ்சம்தான் முன்னேறியது. ஆனால் ஒருவருக்குத் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் கையில் வந்தது, அதில் ஒரு பகுதி குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் போனது. எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் முக்கியம். உங்களுக்கு நேரம் இல்லை என்கிறீர்கள். போக வர மூன்று மணி நேரம் சாலையிலேயே போகிறது, மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆரில் யாராலும் அதைக் குறைக்க முடியாது. ஜெர்மனியில் நீண்ட காலத் தரவுகளை வைத்துப் பார்த்தவர்கள், தூரம் போய் வேலை பார்க்கிறவர்களுக்கு அதற்கு ஈடாக வாழ்க்கையில் வேறு எதுவும் கிடைத்துவிடவில்லை என்று 2008-ல் எழுதினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளை வாரத்தில் இன்னொன்று கூட்டித் தருவார்களா என்று கேளுங்கள். சம்பள உயர்வுக்குப் பேரம் பேசுகிற மாதிரி இதற்கும் பேச வேண்டும்.

நேரத்தைக் காசு கொடுத்தும் வாங்கலாம். கனடாவின் வான்கூவரில் வேலைக்குப் போகிறவர்களிடம் 40 டாலர் கொடுத்து ஒரு வார இறுதியில் ஏதாவது பொருள் வாங்கவும், இன்னொன்றில் நேரத்தை மிச்சப்படுத்தும் வேலைக்குச் செலவழிக்கவும் சொன்னார்கள். நேரத்தை வாங்கிய நாளில்தான் மனசு நன்றாக இருந்தது. இங்கே ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்: உங்கள் மனைவியும் வேலைக்குப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண் அதற்குச் செலவழிப்பது நாளைக்கு 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். வீட்டுக்கு ஆள் வைப்பதாலோ, நீங்களே ராத்திரிப் பாத்திரத்தைத் தேய்ப்பதாலோ மிச்சமாகிற நேரம் முதலில் யாருடையது என்று யோசியுங்கள். அவர் அலுத்துப்போய்ச் சிடுசிடுவென்று இருக்கிற வீட்டில் நீங்கள் மட்டும் தனியாகச் சந்தோஷமாக இருந்துவிட முடியாது.

இப்போது தியானம். உதவும், ஆனால் விளம்பரம் சொல்கிற அளவுக்கு இல்லை. 47 ஆய்வுகளைச் சேர்த்து 2014-ல் பார்த்தபோது பதற்றம், சோர்வு இரண்டும் மிதமாகக் குறைந்தன. உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளைவிட அது மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் உட்கார்ந்து கண்ணை மூடினால் எரிச்சல்தான் வருகிறது என்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம், நடக்கப் போங்கள். மூச்சு மட்டும் எல்லோருக்கும் சொல்லித்தருவேன்: நிமிடத்துக்கு ஆறு மூச்சு வருகிற மாதிரி மெதுவாக, இழுப்பதைவிட விடுவது நீளமாக, ஐந்து நிமிடம். சிக்னலில் நிற்கும்போதே செய்யலாம். மேனேஜரோடு பேசப் போகும் முன் செய்தால் குரல் நடுங்காது.

இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனசு கனமாகவே இருக்கிறது, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மேலே எழுதியவை அதற்குப் போதாது. தைராய்டு குறைந்தாலும் இப்படியே தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனநல மருத்துவரைப் பாருங்கள். யாரிடமும் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள், வீட்டிலும் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, வேலையை விட்டுவிட்டு ஊருக்கு. இந்த ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். போய் நன்றாக இருக்கிறவர்களும் உண்டு. ஆனால் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற ஊர் பொங்கலுக்கு நாலு நாள் போய் வந்த ஊர். மே மாதம் இரண்டு வாரம் லீவு போட்டு அதே வீட்டில் இருந்து பாருங்கள். விவசாயம் பார்க்கிற உங்கள் பெரியப்பா பையனிடம் தண்ணீர், ஆள் கூலி, கொள்முதல் விலை மூன்றையும் கேளுங்கள். மழை பெய்தாலும் அவருக்குக் கவலை, பெய்யாவிட்டாலும் கவலை. அம்மாவுக்கு மருத்துவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார், பையன் பதினொன்றாம் வகுப்பை எங்கே படிப்பான், மனைவிக்கு அங்கே என்ன வேலை என்பதையெல்லாம் அந்த நோட்டின் வலது பக்கத்தில் எழுதுங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் போகத் தோன்றினால் ஃபிளாட்டை விற்றுவிடாமல் வாடகைக்கு விட்டுவிட்டு ஒரு வருடம் போய்ப் பாருங்கள், கடன் ஓரளவு தானாக ஓடும். பையன் பத்தாவது முடிக்கும் வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பள்ளிக்கூடம் மாற்றினால் அந்த வருடம் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இருக்காது.